மஞ்சுளா என்று சொன்னேன்

“பேரு சொல்லும்மா” என்று அந்தப் பெண் காவலர் கேட்டபோது என் எதிரில் ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் சிவப்புப் பெயின்டில் ‘மஞ்சுளா’ என்று எழுதியிருந்தது. நான் “மஞ்சுளா” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி, தன் பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒழுங்காகச் சொல்லியிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், எங்கள் ஊர் நிறுத்தத்தில் நடந்த மறியல் அது. எட்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லாததால் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தோம். மதியத்துக்குள் லாரியில் தண்ணீர் வந்தது, கலைந்துவிட்டோம். ஆனால் எழுதிக்கொண்ட பெயர்கள் மேலெல்லாம் வழக்குப் போட்டார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. காக்கியைக் கிட்டத்தில் பார்த்த பயத்தில் கண்ணில் பட்ட பெயர் வாயில் வந்துவிட்டது.

அந்தக் காக்கியைப் போடத்தான் அண்ணி ஆசைப்பட்டார் என்பது வேறு விஷயம். அவர் என் அண்ணனின் மனைவி, என்னைவிட ஒரு வயது பெரியவர். குழந்தை பால் மறந்ததும் காவலர் தேர்வுக்குத் தயாரானார். தனியாக ஓடப் போனால் தெருவில் பேசுவார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டார். துணைக்குப் போன எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் பள்ளி மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடுவோம், மணலில் நீளம் தாண்டுவோம். குழந்தை தூங்கும் மதியத்தில் ஒருவர் பொது அறிவுப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கீரை ஆய்வோம்.

விண்ணப்பம் போடச் செங்கல்பட்டில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு, கடைக்காரர் கேட்காமலேயே ‘இல்லை’ என்று அழுத்தப் போனார்.

“அண்ணாத்த, கீதுன்னு போடு” என்றார் அண்ணி.

“மறியல் கேஸெல்லாம் யாரும்மா சொல்றாங்கோ? அப்பால பேஜாரா பூடும்.”

“ஆனா ஆவட்டும். கீதுன்னே போடு.”

என் முறை வந்தபோது நான் ‘இல்லை’ என்று போடச் சொன்னேன். என் பெயரில்தான் வழக்கே இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணி அப்போதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு பேரும் தேறினோம். எங்களைப் பற்றி விசாரிக்க நிலையத்திலிருந்து ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். அண்ணி மறியலில் நடந்ததை அப்படியே சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார்: “இதுல மஞ்சுளான்னு ஒண்ணு கீதே, உங்க தெருவா? கோர்ட்டுக்கே வரல. வாரண்ட் போவப் போவுது.”

மஞ்சுளா எதிர்வீட்டுப் பெண். மறியலுக்கு முன்பே கல்யாணமாகி சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டாள். ஏட்டு வந்த சமயத்தில் நிறைமாதக் கர்ப்பிணி. அன்று அவள் குடத்தைத் தூக்கிவந்தது அவள் அம்மா.

அண்ணி மடியிலிருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சார், அது நான்தான்” என்றேன். ஏட்டுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

“இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு” என்றார் ஏட்டு. பேனாவை மூடிவைத்தார். பிறகு திறந்து எழுதினார்.

மஞ்சுளாவைத் தேடி யாரும் போகவில்லை. மறியல் வழக்கு தள்ளுபடியாகி, அண்ணிக்குத் தாமதமாகவேனும் வேலை உத்தரவு வந்தது. உண்மையை மறைத்ததால் நிராகரிக்கப்படுகிறது என்று எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது வரம்பும் தாண்டிவிட்டது.

பயிற்சி முடிந்து முதல் விடுப்பில் அண்ணி வந்திருந்தபோது கேட்டேன்: “அன்னிக்கு நான் வாயத் தொறக்கலன்னா நீ சொல்லியிருப்பியா அண்ணி?”

அண்ணி “தெர்ல” என்றார். “எனுக்கு வேலையும் வோணும், நீயும் வோணும். இன்னா பண்றதுன்னே தெரியாம குந்திகினு இருந்தேன்.”

அண்ணிக்குப் பயமே கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பதில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. சாயங்காலப் பேருந்துக்கு அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.