சிவப்புப் பட்டை போட்ட ட்ரம்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைச் செலவு காலி ட்ரம்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பொரி, கடலை, ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், மெஷின்களுக்கு மாலை, வாசலில் மைக் செட் எல்லாம் அதில்தான். காயலான் கடைக்காரர் ஒருவர் அவ்வப்போது வந்து சேர்ந்திருக்கும் ட்ரம்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர் கொடுப்பதற்கு 'ட்ரம் காசு' என்று பெயர். அதில் மேனேஜர்கூடக் கை வைக்க மாட்டார்.

ஒரகடத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது கம்பெனி. வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைச் செய்து, பளபளவென்று முலாம் பூசி அனுப்புகிறோம். நான் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். முலாம் பூசும் பிரிவுக்கு வரும் ட்ரம்களின் நடுவில் ஸ்டோரில் சிவப்புப் பட்டை ஒன்று அடிப்பார்கள். விஷம் என்று அர்த்தம். எண்ணெய், சோப்புக் கரைசல் வரும் ட்ரம்களுக்கு மஞ்சள் பட்டை. படிக்கத் தெரியாதவரும் தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கம்பெனி கேட் வரைக்கும்தான்.

1991 கோடையில் எனக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, என் மகளின் தலைப்பிரசவம். கவலைப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னதே எனக்குக் கவலையாக இருந்தது. இன்னொன்று ஆபீஸ் கவலை. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை என்று பேப்பரில் தினமும் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ரசாயனங்கள் வந்து சேரவில்லை. முலாம் தொட்டிக்குப் போடும் குரோமிக் ஆசிட் எங்கள் ஸ்டோரில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அது தீர்ந்தால் உற்பத்தி லைன் நிற்கும்.

திருவொற்றியூரிலிருந்து அதை அனுப்பும் சப்ளையரிடம் தினமும் டெலிபோனில் மன்றாடுவது என் வேலையாயிற்று.

"மேடம், சரக்கு கொஞ்சம்தான் வந்திருக்கு. அதையும் போட்டு அனுப்ப ட்ரம் இல்ல. தகடு விக்கிற விலை தெரியுமில்ல? காலி ட்ரம்மைக் கழுவித் திருப்பி அனுப்பறவங்களுக்குத்தான் முதல் லோடு" என்றார் அவர்.

அதை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "ட்ரம்மை அவனுக்கு அனுப்பிட்டா ஆயுத பூஜைக்கு நீங்க உண்டி குலுக்குவீங்களா மேடம்? நாம சரக்கு வாங்கறவங்க. அவன்தான் நம்மகிட்ட வரணும்."

நானும் விட்டுவிட்டேன். அந்த வாரம்தான் மகளுக்கு வளைகாப்பு.

மகளைச் சேரப்பணஞ்சேரியில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பை அவர்கள் வீட்டில் முடித்து, ஆரத்தி எடுத்து, படப்பையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு அன்று ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. நானும் கணவரும் உறவுக்காரப் பெண்கள் சிலரும் ஒரு வேன் பிடித்துப் போனோம்.

அந்த ஊரிலும் தண்ணீர்க் கஷ்டம். பந்தல் ஓரத்தில் கை கழுவுவதற்கு ஒரு பெரிய இரும்பு ட்ரம் வைத்திருந்தார்கள். புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்த அதற்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார் சம்பந்தி அம்மாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"பாத்தீங்களா சம்மந்திம்மா? ஒங்க கம்பெனி ட்ரம்மு தான். யான ஏறி நின்னாலும் நசுங்காது. இன்னும் பத்து புள்ளத்தாச்சிக்கு வளையல் போடலாம் இத்த வச்சினு."

நானும் சிரித்தேன். பலகாரத் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் கவனித்தேன். தண்ணீர் சிந்திச் சிந்தி ஒரு பக்கம் நீலப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. சும்மா நகத்தால் சுரண்டினேன். அடியில் சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். பட்டை.

கை கழுவாமலேயே மகளிடம் ஓடினேன்.

மணையில் இரண்டு கை நிறைய வளையல்களோடு உட்கார்ந்திருந்தவளிடம் போய்க் குனிந்து, "காலையிலேருந்து எந்தத் தண்ணிடி குடிச்ச?" என்று கேட்டேன்.

"அத்தை மொண்டு குடுத்தாங்க, குடிச்சேன். எதுலேருந்து மொண்டாங்கன்னு நான் எங்கம்மா பார்த்தேன்?" என்றாள். பிறகு, "ஏம்மா? எனக்குக் காலையிலேருந்தே வயிறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் நான் செய்தது எதுவும் நிதானத்தோடு செய்ததல்ல. ட்ரம் தண்ணீரை யாரும் தொடாதீர்கள் என்று கத்தினேன். வாய்க்கு வந்த வார்த்தை "விஷம், விஷம்" என்பது மட்டும்தான். மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி வேனுக்கு நடத்தினேன். சம்பந்தி அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"விஷமா? எங்க வூட்லயா? இன்னா பேச்சு பேசறீங்க சம்மந்திம்மா! ஆரத்தி எடுக்காம, பந்தில குந்தாம, புள்ளத்தாச்சிய இட்டுகினு எங்க போறீங்க?"

அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேனில் ஏறிவிட்டேன். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த கணவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

தாம்பரம் வரைக்கும் வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது குலுங்கியது. என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிரசவத்துக்குப் பதிந்துவைத்திருந்த நர்சிங் ஹோமில் டாக்டரம்மா நாடி பார்த்தார், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். "குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. ஆனா என்ன குடிச்சா, எவ்வளவு குடிச்சான்னு தெரியாம நான் எதுக்குன்னு மருந்து குடுப்பேன்? படுக்கவெச்சுப் பார்க்கலாம்" என்றார். எனக்கு அந்த ட்ரம்மில் வந்தது என்னவென்று தெரியும். அது எந்த அளவுக்குக் கெடுதல் என்றும் பொத்தாம்பொதுவாகத் தெரியும். என் மகள் குடித்தாளா இல்லையா என்பதுதான் தெரியாது. கட்டில் அருகே நின்றுகொண்டு அவளுடைய நாக்கை நீட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, போதும்மா" என்று அவள் சொல்லும்வரை பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. நர்ஸ் தடுக்கத் தடுக்க, கையில் பெரிய டிபன் கேரியரோடு சம்பந்தி அம்மாள் உள்ளே வந்தார். பின்னால் என் கணவர்.

"நாலு பேரு முன்னால எங்க மானத்த வாங்கிட்டீங்களே சம்மந்திம்மா! எதுனா கேட்டா சொல்ல மாட்டனா? அந்தச் செவப்புப் பட்டையப் பாத்துட்டு ஒங்க வூட்டுக்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த ட்ரம்மு தண்ணியவா என் மருமவளுக்கு மொண்டு குடுப்பன்? கூவிகினு வந்தவன்கிட்ட நேத்து தான வாங்கனேன்! வர்றவங்க கை காலு கழுவ வச்சது அது. இவளுக்குப் பானைல கிணத்துத் தண்ணி. ஜீரகம் போட்டு, நானே காய்ச்சினது!"

"நிஜமாவா?" என்றேன்.

"இன்னா நிஜமாவா? கற்பூரம் ஏத்தி அணைக்கவா?"

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. சம்பந்தி அம்மாளின் கோபம் அதோடு பாதி இறங்கிவிட்டது. "அட, அழுவாதீங்க. புள்ளத்தாச்சி பாத்துகினு கீது" என்று சொல்லி கேரியரைத் திறந்தார். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், வடை. வளைகாப்புச் சாப்பாடு முழுவதையும் கொண்டுவந்திருந்தார். என் மகள் ஒரு வடையை முழுதாகத் தின்று முடித்துவிட்டு, "வயிறு ஒரு மாதிரி இருந்தது பசிதாம்மா. காலையிலேருந்து மணையிலேயே உட்காரவெச்சுட்டாங்க" என்றாள்.

டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். அந்த வடையை அவள் மென்றதைப்போல என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை.

அதற்குள் சம்பந்தி அம்மாள் யோசனையாகக் கேட்டார்: "அந்த ட்ரம்மு அவ்ளோ மோசமா? எங்க தெருவுல பாதி வூட்ல அதான கீது."

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும், "நாம வித்தது ஸ்கிராப். அதை அவன் என்ன பண்றான்னு நாம பின்னாலேயே போக முடியுமா?" என்றார்.

"பின்னால போக வேண்டாம் சார். சப்ளையர் அதே ட்ரம்மைத்தான் கேக்கறார். ஊருக்குள்ள போனா விஷம், அவர்கிட்ட போனா நமக்கு லோடு. எந்தப் பக்கம் போகணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே முலாம் பிரிவின் பின்வாசலில் மஞ்சள் நிறத் தண்ணீர் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ட்ரம்களைப் பேருக்கு அலசிவிட்ட தண்ணீர். இந்தப் பக்கத்துக் கால்வாய்களில் பல, எப்படிச் சுற்றினாலும் செம்பரம்பாக்கம் ஏரியைத் தேடித்தான் போகும். அது அவருக்கும் தெரியும். அவர் வீடு சென்னையில்.

"வேனை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சேரப்பணஞ்சேரியில் வீடு வீடாகப் போனோம். பழைய ட்ரம்மைக் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி செலவில் புது பிளாஸ்டிக் ட்ரம் கொடுத்தோம். நீலப் பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்ததில் பெரும்பாலும் மஞ்சள் பட்டைதான். சிவப்பு இருந்தவற்றில் ஒன்றில் தவிடு கொட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதை வைத்துத் துணி துவைத்த பெண்ணுக்கு முழங்கை வரை அரிப்பு. அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போனோம்; ஆறிவிட்டது. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு மேனேஜர் சத்தம் போட்டார்.

"நான் இன்னா சார் கண்டேன்? கலர் கலரா பட்ட போட்டுகினு அசிங்கமா கீதுன்னு ஒரே கலரா பெயிண்ட் அடிச்சேன். சும்மாவா? பெயிண்டு எங்காசு" என்றார் அவர். யார் மீதும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகு வேலை மாறியது. காலியாகும் ட்ரம்மை முலாம் தொட்டியின் பக்கத்திலேயே கழுவி, கழுவிய தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். ஒட்டிக்கொண்டு வீணாய்ப் போன சரக்கெல்லாம் அப்படித் தொட்டிக்குத் திரும்பியது; கால்வாயில் மஞ்சள் குறைந்தது. சரக்கோடு வரும் லாரி காலியாகத் திரும்பாமல், சேரப்பணஞ்சேரியில் திரும்ப வாங்கியவற்றையும் சேர்த்து, கழுவிய ட்ரம்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. சப்ளையர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் லோடு எங்களுக்குத்தான் வந்தது. பக்கத்தில் இதே வேலை செய்யும் இன்னொரு கம்பெனியில் குரோமிக் ஆசிட் இல்லாமல் லைன் நின்று, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களிடம் பாகம் வாங்கும் வண்டிக் கம்பெனி அவர்களுடைய ஆர்டரில் ஒரு பகுதியையும் எங்களிடமே கொடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட நான், அங்கே வேலையில்லாமல் வீட்டுக்குப் போனவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

மெஷின்கள் ஓடும் ஷாப்பில்தான் முணுமுணுப்பு. "மேடம் பொண்ணுக்கு வளகாப்பு, நம்ம பூஜைக்கு ஆப்பு" என்று ஒருவர் என் காதில் படும்படியே சொன்னார். புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தபோது ஸ்வீட் பாக்ஸும் வந்தது, பழையதைவிடப் பெரியதாக. லைன் நிற்காமல் ஓடியதற்கு அது என்றார் மேனேஜர். என் காதில் படச் சொன்னவரே முதலில் போய் வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் எனக்குப் பேத்தி பிறந்தாள். சம்பந்தி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ஆரத்தி எடுக்காம போனீங்களே, பாத்தீங்களா, அப்டியும் தங்கமாட்டம் பொறந்துகீது" என்றார். அன்றைக்கு விட்டுப்போன ஆரத்தியை அவர்தான் எடுத்தார், தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து.

பயம் முழுதும் போய்விடவில்லை. யார் வீட்டில் ட்ரம்மைக் கண்டாலும் என் விரல் தானாக அதன் பெயிண்டைச் சுரண்டப் போகிறது. காயலான் கடைக்காரர் இப்போது வேறு கம்பெனிகளில் ட்ரம் எடுக்கிறாராம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு நாள் சப்ளையரின் லாரி வந்தது. சரக்கைச் சரிபார்க்க ஸ்டோருக்குப் போனேன். இறக்கிய ட்ரம்களில் ஒன்றின் மேல் நீலப் பெயிண்ட் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் நகக்கீறல்கள். அதன் மேலே, குங்குமம் வைத்த இடத்தில் மங்கலாக ஒரு கறை.

மூடி இறுக்கி சீல் வைத்து, நிறைந்த ட்ரம்மாக அது நின்றது. பக்கத்தில் போய் நின்றேன். ஸ்டோர்காரர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்க. பொடவைல பட்டுடும்."

தள்ளி நின்றுகொண்டேன். பட்டை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து சேரும்வரை பார்த்துவிட்டுத்தான் என் இடத்துக்குத் திரும்பினேன்.