நாலு மடக்குத் தண்ணீர்

டார்லாவுக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தின் எங்கள் சின்ன ஊரில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பனிப்புயலில் நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவள், ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்தால் நாற்காலியோடு சாய்ந்துவிடுவாள். அதனால்தான் உடம்பைக் குறைக்க ஊசி வேண்டாம், மாத்திரையே எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் மல்லுக்கட்டி வாங்கினாள்.

குறைத்தே ஆகவேண்டும். வலது முட்டி தேய்ந்துபோய், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறாள். நாற்பது பவுண்டு இறங்கினால்தான் முட்டியை மாற்றுவேன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முட்டி மாறாவிட்டால் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். டார்லாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்காரவைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

மூன்று மாதம் ஆயிற்று. எடை இயந்திரத்தில் தினம் நாலு தடவை ஏறினாள். செருப்பைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கம்மலைக்கூடக் கழற்றிப் பார்த்தாள். அது பிடித்த பிடியை விடவில்லை. இனி ஊசிதான் என்று டாக்டரிடமிருந்து போன் வந்த அன்று, நேரே மருந்துக்கடைக்குப் போய் டப்பாவை மேஜையில் வைத்தாள். மருந்து கொடுக்கும் மெரிடித், சின்ன வயதில் அவள் பேருந்தில் முன்சீட்டுக்குச் சண்டை போட்டவள்.

"கண்ணு, இது மாத்திரையா சுண்ணாம்பா? ஒரு இழவும் நடக்கலையே."

"எப்படிச் சாப்பிடுறீங்க, மிஸ் டார்லா?"

"எழுந்த உடனே, வெறும் வயித்துல. நீ சொன்ன மாதிரிதான்."

"எதுல முழுங்குறீங்க?"

"காபில. பால், சர்க்கரை ஒண்ணும் கிடையாது. வெறும் காபி தண்ணி மாதிரிதானே?"

எங்கள் பக்கத்துக் காபி தண்ணீர் மாதிரிதான் இருக்கும் என்பதும் உண்மை. மெரிடித் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கடவுளே! நாலு மடக்குப் பச்சத் தண்ணி, அவ்வளவுதான். அப்புறம் அரை மணி நேரம் வாயில ஒண்ணும் படக்கூடாது. காபி பட்டா மருந்து உடம்புல சேராது. ஒழுங்கா சாப்பிட்டுப் பாருங்க, டாக்டர்கிட்ட நான் பேசுறேன். காபிய மட்டும் நிறுத்துங்க."

நிறுத்துவது காபியை இல்லை, வெண்டலை. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த பிறகு, அவள் புருஷனுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வேலைதான். விடியலில் காபி போட்டு, பதின்மூன்று படி ஏறி, கட்டிலருகே கொண்டுவந்து, அவள் முதல் வாய் குடிக்கும்வரை நிற்பான். அவனிடம் எப்படிச் சொல்வது? வீட்டைத் தாண்டி இரண்டு முறை வண்டியை ஓட்டிவிட்டுத்தான் உள்ளே திருப்பினாள். சாப்பிடும்போது, மெரிடித் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் பாதித் தட்டோடு எழுந்துபோனான்.

மறுநாள் காலை காபி வாசனையே இல்லை. டார்லா புரண்டாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். சொல்லியிருக்கவே கூடாது, ஊசியையே குத்திக்கொண்டிருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது படியில் சத்தம் கேட்டது.

வெண்டலின் கையில் விஸ்கி குடிக்கும் குட்டிக் கண்ணாடிக் கிளாஸ், அதில் தண்ணீர். சட்டைக் கை நனைந்திருந்தது.

"வழியில... கொஞ்சம் கொட்டிருச்சு," என்றான் குழறலாக. "மூணு மடக்கு இருக்கும்."

அவள் மாத்திரையை விழுங்கியதும் அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க போற? உட்காரேன்."

"அரை மணில காபி. திரும்ப ஏறணுமே."

அவன் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. டார்லா அந்த அரை மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.