பழைய ரேடியேட்டரை டிக்கியில வைங்க

இன்று காலை குற்றாலத்திலிருந்து திரும்பும்போது அப்பாவின் பழைய அம்பாசிடரில் ரேடியேட்டர் சொட்ட ஆரம்பித்தது. தென்காசியில் ஒரு பட்டறையில் நிறுத்தினேன்.

மெக்கானிக் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "இது போச்சு தம்பி. அலுமினியத்துல புதுசு வருது, மாட்டிரலாம்."

அடியில் ஊசிமுனை அளவுதான் ஓட்டை.

"ஈயம் வச்சுப் பத்த வைக்க முடியாதா அண்ணாச்சி?"

"இப்ப எவன் பத்த வைக்கான்? நிக்காது."

"சரி, புதுசே மாட்டுங்க. பழச டிக்கியில வைங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"ஓட்டைச் சாமான் எதுக்குத் தம்பி? இங்கனயே போட்டுட்டுப் போங்க."

"முழுக்க செம்பும் பித்தளையும்லா அண்ணாச்சி, எடைக்குப் போட்டாலே நல்ல காசு. விட்டுட்டுப் போனா அப்பா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு."

என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"சின்ன ஓட்டைதான். பத்த வச்சா நிக்கும். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

டீ குடிக்கப் போகவில்லை. கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். வீடு வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

விவரம் தெரியாதவன் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உங்கள் வண்டியில் கழற்றிய பழைய சாமான் எங்கே போனது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?