பூமாரியின் துரும்பு

தலையில் அவித்த கடலைக் கூடை, இடது இடுப்பில் பிள்ளை. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தடிக்கு வந்ததும் பூமாரி கூடையை இறக்குவாள். பிள்ளையை இறக்க மாட்டாள். வியாபாரம் முழுக்க ஒற்றைக் கையில்தான். செல்லக்கனிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. தொங்கும் கால்கள் அம்மாவின் முழங்காலைத் தொடுகின்றன.

"அக்கா, நீ பிள்ளையைச் சுமக்கியா, பிள்ளை உன்னைச் சுமக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடப் பையன்கள் நாங்கள் பின்பக்கமாகக் கூடைக்குள் கையை விடுவோம்.

"எடுல, எடு. வவுறு வலிச்சா எங்கிட்ட வராத" என்பாள், திரும்பாமலே.

பிள்ளையை இறக்காததற்குக் காரணம் இருக்கிறது. தாராவியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, தோல் கிடங்கில் வேலை செய்யும் அவள் புருஷன் வெயிலுமுத்துவை ஒரு துரும்பைக் கிள்ளி அவள் கையில் போடச் சொன்னார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி அதோடு கல்யாணம் தீர்ந்தது. பிள்ளை மட்டும் தகப்பனுக்காம். ஆடி கழிந்ததும் ஒப்படைக்க வேண்டுமாம். அதுவரைகூடப் பொறுக்காமல், கீழே விட்ட நிமிஷம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இவளுக்குப் பயம்.

அதனால் மத்தியானங்களில் வக்கீல் தேடுகிறாள். போர்டு வாசிப்பது நான். என் இங்கிலீஷை நம்பி ஒரு தடவை பல் வைத்தியர் வீட்டில் ஏறிவிட்டோம். பல்லெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

வக்கீல்கள் முதலில் கேட்பது, "பேப்பர் இருக்கா?" பூமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் துரும்பை எடுத்து மேஜைமேல் வைப்பாள். அவளுக்கு அதுதான் பத்திரம். முதல் வக்கீல் சிரித்தார். மின்விசிறி அதைப் பறக்கடித்தது. பிள்ளையோடு குனிந்து, நாற்காலிக் கால்களுக்கிடையே தேடி எடுத்தாள். அடுத்தவர் குப்பையென்று புறங்கையால் தள்ளிவிட்டார். இரண்டு இடத்துக்கும் மறுபடி போகவில்லை.

"கெட்டிக்கார வக்கீல்னு சொல்லுதாங்களே அக்கா."

"துரும்பைக் காப்பாத்தத் தெரியாதவரு, எம்பிள்ளைய எப்படில காப்பாத்துவாரு?"

நேற்று திருவேங்கடம் வக்கீலின் மாடியறை. பூமாரி துரும்பை வைத்தாள். அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெரியவா முன்னாடி குடுத்தானா? அவாள்ல யாராவது கோர்ட்டுக்கு வந்து சொல்லுவாளா?"

"ரெண்டு பேரு சொல்லுவாக."

"சட்டம் அப்பா பக்கந்தான் சாயும். உங்கிட்ட பொய் சொல்லப்படாது. ஆனா குழந்தைக்கு எது நல்லதுன்னும் ஜட்ஜ் பார்ப்பார். ஆடிக்குள்ள மனுப் போட்டுடலாம்."

பூமாரி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு செல்லக்கனியை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நிற்க வைத்தாள்.