அரவிந்தவல்லியின் உறையூர்

ஸ்ரீரங்கத்து அரவிந்தவல்லி இருபது வயதில் கணவனை இழந்தாள். 1928இல் ஒரு தாய்சேய் நலச் சங்கம் அவளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, உறையூர் நெசவாளர் தெருவில் வேலைக்கு வைத்தது.

"கண்டவா வீட்டுல பிரசவம் பார்த்துட்டு இந்த ஆத்து வாசப்படி ஏறாதே" என்று அண்ணன் சௌரிராஜன் கதவைச் சாத்தினார். அம்மா இறந்தபோதுகூடச் சொல்லி அனுப்பவில்லை. அவள் உறையூரிலேயே தங்கிவிட்டாள். அந்தத் தெருக் குழந்தைகளில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் அண்ணன் குதிரைவண்டியோடு வந்து நின்றார்.

"என் பொண்ணு பூமாவுக்கு நேத்துலேருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்காம். நீதான் வரணும்."

பிரசவப் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். மத்தியானத்துக்குள் தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள்.

அவள் கை கழுவியதும் அண்ணன், "கொல்லைப்பக்கமா போயிடு. அக்கம்பக்கத்துல பார்த்தா பேசுவா" என்றார். அவள் வெளியே வருவதற்குள் அவள் நடந்து வந்த கூடத்தில் தண்ணீர் கொட்டிக் கழுவும் சத்தம் கேட்டது.

உறையூரில் பக்கத்து வீட்டு வீராயி அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "யாரு வீட்டுல பிரசவம்மா? சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. யாரோ" என்றாள் அரவிந்தவல்லி.