இரண்டு சொம்பு உப்புத் தண்ணீர்

“வாந்தி எடுக்க வெச்சது யாரு?”

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். கட்டிலில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த சித்தப்பாதான் முந்திக்கொண்டார். “நானேதான் சார். விரலை விட்டு எடுத்தேன்.”

அது பொய்.

சித்தப்பா பெயின்டர். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் ‘ஏணி’. மூன்றாவது மாடி உயரத்தில் நின்று சீட்டியடித்துக்கொண்டே ஜன்னல் சட்டத்துக்கு அடிப்பார். கண்ணாடியில் ஒரு சொட்டு தெறிக்காது. பெயின்டில் கலக்கும் தின்னரை மட்டும் எப்போதும் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றி வைப்பார். சித்தி திட்டினால், “எனக்கென்ன மூக்கா இல்ல? மோந்து பாத்துக்க மாட்டேனா?” என்பார்.

அன்று அவருக்குக் கடும் ஜலதோஷம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தவர், தாகத்தில் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டார்.

“சரி விடு பாப்பா, வயித்துக்குள்ளயும் ஒரு கோட் அடிச்சாச்சு. வாயக் கொப்புளிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

நன்றாகத்தான் பேசினார். அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் பள்ளியில் அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கிய திமிர் எனக்கு. உள்ளே போனதை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

“மொதல்ல வாந்தி எடுங்க சித்தப்பா.”

“வேணாம்மா. தொண்டை எரியுது.”

“எனக்குத் தெரியும். குடிங்க.”

இரண்டாவது சொம்பு உப்புத் தண்ணீரில் வாந்தி வந்தது. கூடவே இருமலும் வந்தது, அது நிற்கவில்லை. ஆட்டோவில் போகும்போதே உதடு நீலம் பாரித்துவிட்டது.

“வயித்துல இருந்ததை விட, மேல வரும்போது நுரையீரலுக்குள்ள போனதுதான் ஆபத்தாயிடுச்சு,” என்றார் டாக்டர்.

பதினொரு நாள் ஆக்ஸிஜன். பிழைத்து வந்தார். இப்போது நாலாவது படிக்கு மேல் ஏற மூச்சு இடம் கொடுப்பதில்லை. கதவுகளின் கீழ்ப்பாதியை மட்டும் அடிக்கிறார். சீட்டி பாதியில் அறுந்துபோகிறது.

போன வாரம், சித்தியிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

“சொன்னா எனக்கு மூச்சு திரும்பிடுமா? போய் நாலு பேருக்குச் சொல்லு. அவங்க மூச்சாவது மிஞ்சும்.”

அதனால் எழுதிவிட்டேன். சித்தியும் படிப்பாள், படிக்கட்டும். தின்னரோ மண்ணெண்ணெயோ யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தண்ணீர் பாட்டிலில் தின்னர் வைத்திருக்கும் ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள்.