மாமன் சாவும் கொனாடுவின் முழங்காலும்

கொனாடுவைத் தெரியாத ஆள் இன்று எங்கள் ஊர் பெக்வாயில் கிடையாது. முன்பின் பார்க்காதவர்கள்கூட அவளைத் தூக்கி வளர்த்ததாகச் சொல்கிறார்கள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பையன்களோடு பந்து உதைத்த காலத்தில் இவர்களில் ஒருவரையும் காணோம். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா?

அவள் ஃபார்வர்டு, கோல் அடிப்பதுதான் வேலை. தலைநகர் அக்ராவில் ஆடினாள், கஜகஸ்தானில் பனியில் ஆடினாள், இப்போது துருக்கியில் ஆடுகிறாள். ஊர்க்காரர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், வெளிநாடு. "ஜெர்மனிக்குப் பக்கமா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் ஆளுக்கொரு போன் வேண்டுமாம்.

எல்லோருக்கும் மேலே அவளுடைய தாய்மாமன் ஒச்செரே. எங்கள் அசாந்தி வழக்கத்தில் அப்பன் பேருக்குத்தான், மாமன் வைத்ததுதான் சட்டம். பொம்பளைப் பிள்ளை ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று கண்டுபிடித்த மருத்துவ மேதை அவர். அவளுடைய முதல் பூட்ஸை வெட்டுக்கத்தியால் துண்டு போட்டார். அவள் விமானம் ஏறிய மறுநாளே கள்ளுக்கடையில், "நான் கண்டிச்சு வளத்த காலுடா அது!" என்று மார் தட்டினார்.

அந்தக் காலுக்குத்தான் கேடு வந்தது. போன வருடம் ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு பிய்ந்து, அறுவைச் சிகிச்சை செய்து, சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கிளப்காரர்கள் சொன்னார்கள்: சீசனின் கடைசி ஆட்டத்தில் இறங்கு, கால் தாங்கினால் இரு, இல்லையென்றால் ஊருக்குப் போ.

இதற்குள் மாமா செத்துப்போனார். உயிரோடு இருந்தபோது செய்தது போதாதாக்கும்.

எங்கள் ஊரில் செத்தவருக்கு அவசரமே கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை ஐஸில் மாதக்கணக்காகப் படுத்திருப்பார். குடும்பத் தலைவர் நிமாக்கோ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, ஊர் முழுக்கச் சாவு போஸ்டர் ஒட்டிவிட்டார். அதில் மாமா தபால்தலை அளவு, கொனாடு ஜெர்ஸியில் ஆளுயரம். செத்தது யாரென்றே சந்தேகம் வரும். கடைசி ஆட்டமும் அதே சனிக்கிழமைதான்.

"தாத்தா, ஒரு வாரம் தள்ளி வைங்களேன்," என்று கொனாடு அவரிடம் ஸ்பீக்கர் போனில் கெஞ்சினாள்.

"போஸ்டர் ஒட்டியாச்சு. பந்தை எப்ப வேணா உதைக்கலாம். மாமன் ஒரு தடவைதான் சாவான்."

"மாசக்கணக்கா ஐஸ்ல கெடக்குறவரு, இன்னும் ஒரு வாரத்துல உருகியா போயிடுவாரு?" என்றேன் நான்.

"ஒனக்கு இங்க என்ன வேலை?" என்று என்மேல் பாய்ந்தவர், கொனாடுவின் தாய் போமாவிடம் திரும்பினார். "ஒம்மக வரலேன்னா சாவுல ஒருத்தரும் ஒம்பக்கத்துல ஒக்கார மாட்டாங்க, சொல்லிட்டேன்."

போமா போனைப் பிடுங்கினாள். "நீ வராதே. காலைப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார்கள் புண்ணியவான்கள். சனிக்கிழமை பந்தல் நிறையச் சிவப்பும் கறுப்பும் உடுத்திய கூட்டம், போமாவுக்கு இரண்டு பக்கமும் காலி நாற்காலி. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவளுக்கு மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். "மகாராணிக்கு மாமனைவிடப் பந்து பெருசாப் போச்சு" என்று பின்னாலிருந்து ஒருத்தி குத்தினாள்.

சாயங்காலம் போன் வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போமாவும் நானும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினோம்.

"தோத்துட்டோம்மா," கொனாடு விம்மினாள். "நான் அடிச்சது கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு."

"அது கெடக்கு. முழங்கால்?"

"கடைசி வரைக்கும் ஓடினேன்."

"வலிச்சுதாடி?"

"இல்லம்மா. துளிகூட வலிக்கலம்மா."

போமா போனை என் கையில் திணித்தாள். இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு நேரே மேளக்காரர்கள் முன்னால் போய் ஆடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம்! சாவில் ஆடுவது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் இப்படிக் கண்ணீர் வழிய வழிய ஒருத்தி ஆடி நான் பார்த்ததில்லை. கூட்டமே எழுந்துவிட்டது. நிமாக்கோவே வந்து, அவள் தலைக்கு மேலே இரண்டு விரலை நீட்டி மரியாதை செய்தார்.

"கூடப் பொறந்த பாசம்னா இதுதான்!" என்றார் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணன் மேல எவ்வளவு உசுரு பாரு!"

ஆமாம் என்று தலையாட்டினேன்.